ஒன்பது நாள் ஓடுற ஃப்ரிட்ஜ், பத்தாவது நாள் படுத்துக்குது

மொதல்ல சொல்லிடுறேன், நான் மெக்கானிக் கிடையாது. கரண்ட் செக் பண்ற ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூட்ரைவர் செட், ஞாயித்துக்கிழமை மத்தியானம், இவ்வளவுதான் என்கிட்ட இருக்குற சரக்கு. ஃப்ரிட்ஜ் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 2013ல வாங்குனது. மதுரை வெயில்ல இத்தனை வருஷம் ஓடுனதே பெருசுதான்.

பிரச்சனைய மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, தோசை மாவு. ராத்திரி ஃப்ரிட்ஜுல வச்ச மாவு காலைல மூடிய தூக்கிட்டு பொங்கி நிக்குது. அம்மா சொன்னாங்க "டேய், ஃப்ரிட்ஜு உள்ள கூலிங்கே இல்லடா"ன்னு, நான் போய் ஃப்ரீசர தொறந்து பாத்தா ஐஸ் கட்டி அப்படியே கல்லு மாதிரி இருக்கு, "எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாள் பால் திரிஞ்சிருச்சு. சரின்னு ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி கதவ தொறந்து போட்டு வச்சோம், மிஷினுக்கு ரெஸ்ட் குடுத்தா சரியாகும்னு ஒரு நம்பிக்கை, காலைல ஆன் பண்ணா நெஜமாவே சரியாயிருச்சு. தண்ணி பாட்டில் சில்லுனு இருக்கு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி அதே கதை.

ஒரு மெக்கானிக் வந்து கைய உள்ள விட்டு பாத்துட்டு "கேஸ் இல்ல சார், ஃபில் பண்ணனும், 2800 ஆகும்"னாரு. அப்ப எனக்கு சரியாத்தான் பட்டுச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி காலண்டர பாத்தேன். எங்கம்மா தினசரி காலண்டர்ல பால் திரிஞ்ச நாள எல்லாம் எழுதி வைப்பாங்க, பால்காரர்கிட்ட சண்டை போடுறதுக்காக (பாவம் அந்த மனுஷன்). மார்ச் 9, 19, 29. பத்து நாளைக்கு ஒரு தடவை. கேஸ் லீக்குன்னா நாளுக்கு நாள் கூலிங் கொறஞ்சுக்கிட்டே போகணும், ஒரு ராத்திரி ஆஃப் பண்ணி வச்சதுக்கு போன கேஸ் திரும்பி வந்துருமா என்ன? அங்கதான் எனக்கு பொறி தட்டுச்சு.

அதுக்கு முன்னாடி சின்ன செக் எல்லாம் பண்ணேன், சீக்கிரம் சொல்லிடுறேன். கதவு ரப்பர்ல பத்து ரூவா நோட்ட வச்சு மூடி இழுத்து பாத்தேன், நல்லா புடிக்குது. வோல்டேஜ் 226. ஒரு டம்ளர் தண்ணில தெர்மாமீட்டர போட்டு நடு தட்டுல ராத்திரி பூரா வச்சேன், நல்லா இருக்குற நாள்ல 4 டிகிரி, கெட்டுப்போன நாள்ல 15.

ஏப்ரல் மொத ஞாயிறு, மறுபடி கூலிங் போக ஆரம்பிச்ச நேரமா பாத்து, ஆஃப் பண்ணாம அப்படியே விட்டு, பிளக்க புடுங்குன உடனே ஃப்ரீசர் பின்பக்க பிளாஸ்டிக் தட்ட கழட்டுனேன். கழட்டவே வரல, உள்ள இருந்து ஐஸ் புடிச்சு இழுக்குது. ஒரு வழியா எடுத்து பாத்தா எவாப்பரேட்டரே (அதான் கூலிங் காயில்) தெரியல, முழுக்க வெள்ளை செவுரு.

இந்த மாதிரி ஃப்ரிட்ஜுல கூலிங் காயில் ஒன்னே ஒன்னுதான், ஃப்ரீசருக்கு பின்னாடி இருக்கும். அது மேல ஃபேன் காத்த ஓட்டி, அந்த குளுந்த காத்துதான் ஒரு டக்ட் வழியா கீழ ஃப்ரிட்ஜுக்கு வருது. காயில ஐஸ் மூடிருச்சுன்னா காத்து போக வழி இல்ல, ஃப்ரீசர் ஐஸோட ஐஸா கொஞ்ச நாள் தாக்குப்புடிக்கும், கீழ மட்டும் சூடாயிரும். இந்த ஐஸ உருக்கத்தான் காயிலுக்கு அடில ஒரு ஹீட்டர் இருக்கு. டைமர் சில மணி நேரத்துக்கு ஒருக்கா கம்ப்ரசர நிறுத்திட்டு ஹீட்டர ஆன் பண்ணும், ஐஸ் உருகி காயில் சூடானதும் பைமெட்டல்னு ஒரு சுவிட்ச், சூட்டுக்கு தானா பிரியுறது, ஹீட்டர கட் பண்ணும், அதுவும் வேலை செய்யலைன்னா கடைசி காவலுக்கு ஒரு தெர்மல் ஃபியூஸ், சூடு எல்லை மீறுனா அத்துப்போயி கரண்ட நிறுத்திரும். நாங்க ராத்திரி ஆஃப் பண்ணி வச்சதுதான் இத்தனை நாளா டீஃப்ராஸ்ட், அதாவது ஐஸ உருக்குற வேலைய பாத்துருக்கு! காலைல தரையெல்லாம் தண்ணியா கெடக்கும், அம்மா தொடைச்சுக்கிட்டே திட்டுவாங்க, அப்பவும் எனக்கு புரியல.

ஐஸ கத்தி வச்சு மட்டும் குத்தாதீங்க, அலுமினிய ட்யூப் ஓட்டையாச்சுன்னா அப்ப நெஜமாவே கேஸ் போயிரும். சுடுதண்ணி பாத்திரத்த உள்ள வச்சு பொறுமையா உருக்குனேன், ரெண்டு மணி நேரம். என் ஃப்ரிட்ஜுல ஸ்டிக்கர்ல கேஸ் பேரு ஆர் 134ஏன்னு போட்டுருந்துச்சு. புது மாடல்ல ஆர் 600ஏ வரும், அது தீப்பிடிக்கிற கேஸ், அங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

அப்புறம் மீட்டர். ஹீட்டரோட கனெக்டர கழட்டி வச்சு பாத்தா 342 ஓம், 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா சுமார் 155 வாட், ஹீட்டர் ஓகே. பைமெட்டல்ல வச்சா பீப்னு சத்தம், கரண்ட் போக வழி இருந்தாத்தான் மீட்டர் பீப் அடிக்கும், ஓகேன்னு விட்டுட்டேன். (இந்த இடத்த ஞாபகம் வச்சுக்கோங்க.) மிச்சம் டைமர். அதோட தண்டுல பேனாவால ஒரு கோடு போட்டு, கம்ப்ரசர் ஓட விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா கோடு அங்கயே நிக்குது. ஆகா மாட்டுனடா, டைமர் மோட்டார் அவுட்டுன்னு ஸ்பேர் கடைக்கு ஓடி 450 ரூவாய்க்கு புதுசு வாங்கிட்டு வந்து மாட்டுனேன். புதுசும் சுத்தல.

கடைக்காரர் பழைய சரக்க தலைல கட்டிட்டாருன்னு அன்னைக்கு முழுக்க அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன், மன்னிச்சுருங்கண்ணே. மறுநாள் ஃப்ரிட்ஜ் முதுகுல ஒட்டியிருந்த ஒயரிங் படத்த டார்ச் அடிச்சு பாத்து வெரலாலயே கோடு புடிச்சு போனேன். டைமர் மோட்டாருக்கு தனியா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) இல்ல! அதோட ஒரு கால் ஹீட்டர் வழியா, தெர்மல் ஃபியூஸ் வழியாத்தான் நியூட்ரலுக்கு போகுது. ஃபியூஸ் போச்சுன்னா ஹீட்டர் மட்டும் இல்ல, டைமரும் நின்னுரும். நான் ஹீட்டர மட்டும் தனியா அளந்ததால ஃபியூஸ் கண்ணுல படவே இல்ல, அது காயில் ட்யூப்ல வெள்ளை உறைக்குள்ள ஒயரோட ஒயரா கட்டி கெடந்துச்சு. மீட்டர வச்சா ஓப்பன், உள்ள அத்துப்போயிருக்கு.

72 டிகிரி ஃபியூஸ், 60 ரூவா. மாட்டுன உடனே டைமர் கோடு நகர ஆரம்பிச்சிருச்சு, வீட்டுல எல்லாரையும் கூப்ட்டு காட்டுனேன், யாரும் பெருசா கண்டுக்கல. டீஃப்ராஸ்ட்டும் வேலை செய்யுதான்னு பாக்க தண்ட ஸ்க்ரூட்ரைவரால மெதுவா திருப்புனேன், டக்குனு சத்தம், கம்ப்ரசர் நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல தண்ணி சொட்டுச்சு. சந்தோஷமா சாப்ட போனேன். முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா கம்ப்ரசர் இன்னும் ஆன் ஆகல, லேசா பிளாஸ்டிக் சூடான வாடை. பிளக்க புடுங்கிட்டு மீட்டர் வச்சா புது ஃபியூஸும் காலி.

அப்பத்தான் அந்த பீப் ஞாபகம் வந்துச்சு. பைமெட்டல் உறைஞ்ச குளிர்லதான் சேந்துருக்கணும், ரூம் சூட்டுல பிரிஞ்சு நிக்கணும். பீப் வந்தா நல்லதுன்னு நெனச்சேன் பாருங்க, அங்க பீப் வர்றதுதான் கோளாறு. மறுபடி கழட்டி நல்லா பாத்தா மூடி லேசா உப்பி இருக்கு, உள்ள தண்ணி போய் கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு போல. ஹீட்டர நிறுத்த ஆள் இல்லாம ஃபியூஸ் உயிர குடுத்து நிறுத்தியிருக்கு.

புது பைமெட்டல் 150 ரூவா. இந்த தடவை மாட்டுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணேன். வெறும் ஐஸ் தண்ணி பத்தாது, பூஜ்ஜியத்துலயே நின்னுரும். ஐஸ உடைச்சு கல்லுப்பு ரெண்டு கை போட்டு கலக்குனா தெர்மாமீட்டர் மைனஸ் 14 காட்டுச்சு. பைமெட்டல பாலித்தீன் கவர்ல சுத்தி அதுல முக்குனேன், மூணு நிமிஷத்துல பீப். வெளிய எடுத்து உள்ளங்கைல வச்சு மூடுனேன், கொஞ்ச நேரத்துல டிக்னு ஒரு சின்ன சத்தம், பீப் நின்னுருச்சு. பழசு உப்பு ஐஸ்லயும் பீப், கைலயும் பீப், வெயில்ல வச்சாலும் பீப்.

இன்னொரு முடிச்சும் அவுந்துச்சு. பிப்ரவரில ஒரு நாள் ஃப்ரிட்ஜ் சுத்தமா நின்னு போச்சு, வேற ஒருத்தர் வந்து பின்னாடி குனிஞ்சு அஞ்சே நிமிஷத்துல ஓட வச்சுட்டு 300 ரூவா வாங்கிட்டு போனாரு. அவரு டைமர் தண்ட திருப்பி விட்டுருப்பாரு, வேற எதுவும் இருக்காது. ஃபியூஸ் போனது அன்னைக்குத்தான், டைமர் டீஃப்ராஸ்ட்லயே நின்னதால கம்ப்ரசருக்கு கரண்ட் போகல. அவரு கூலிங்குக்கு திருப்பிட்டாரு, அது அங்கயே நின்னுருச்சு, அன்னையிலேருந்து டீஃப்ராஸ்ட்டே கிடையாது. பத்து நாள் கணக்கு அங்கதான் ஆரம்பிச்சிருக்கு.

இன்னொரு ஃபியூஸும் புது பைமெட்டலும் மாட்டி இன்னைக்கு 37 நாள் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை பின்தட்ட கழட்டி பாத்தேன், காயில்ல பொடி ஐஸ் மட்டும்தான். டம்ளர் தண்ணி 4 டிகிரி. வேலை செய்யுற பழைய டைமர் மேஜை டிராயர்ல கெடக்கு, 450 ரூவா புதுச கழட்ட மனசு வரல. அம்மா காலண்டர்ல எழுதுறத நிறுத்திட்டாங்க, ஆனா பால்காரர் இன்னும் எங்க வீட்டு கேட்டுகிட்ட வந்தா பெல்லடிக்காம வச்சுட்டு போயிடுறாரு.