படகு நகரும், ஹோம் பாயிண்ட் நகராது: ட்ரோனோடு ஒன்பது நாள்

மே 2, கரையில்

படகில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலைகள் உண்டு. அவற்றில் முதல் வேலை காம்பஸ் காலிப்ரேஷன், அதாவது ட்ரோனின் திசைகாட்டியைச் சரிசெய்வது. படகில் எஞ்சின், நங்கூரச் சங்கிலி, ஸ்பீக்கர் காந்தம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே காலிப்ரேட் செய்தால் ட்ரோன் தப்பான வடக்கையே வடக்கு என்று நம்பிவிடும். மேலே போனதும் ஓரிடத்தில் நிற்காது, வட்டமடித்தபடி விலகிக்கொண்டே போகும். அதனால் இன்று திறந்த மணலில், வண்டிகளிலிருந்தும் கம்பி கட்டிய கான்கிரீட்டிலிருந்தும் தள்ளி நின்று செய்து முடித்தோம். படகில் காம்பஸ் எச்சரிக்கை வந்தால் அங்கே காலிப்ரேஷனைத் தொடவே கூடாது. ட்ரோனைத் தளத்திலிருந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் எச்சரிக்கை மறைந்துவிடும். மறையாவிட்டால் அங்கிருந்து பறக்க விட வேண்டாம்.

கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் காலிப்ரேஷனும் இன்றே, சமமான மேசை மேல். மலையிலோ ஊருக்கு மேலோ ஒரு டிகிரி சாய்வு யார் கண்ணுக்கும் தெரியாது. கடலில் தொடுவானக் கோடு அரை டிகிரி சாய்ந்தாலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபர்ம்வேர் (ட்ரோனுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட், பயணப் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் சேமிப்பது, பறக்கத் தடையுள்ள பகுதிகளைப் பார்த்து வைப்பது, எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். கரையை விட்டு நகர்ந்தபின் சிக்னலை நம்ப முடியாது. உயர வரம்பு பல நாடுகளில் 120 மீட்டர். படகுப் பயணப் படத்துக்கு அதில் பாதி உயரத்துக்கு மேல் தேவைப்படாது.

பெட்டியில்: பேட்டரி 3, மாற்று ப்ரொப்பெல்லர் 2 செட், அவற்றுக்கான குட்டி ஸ்க்ரூடிரைவர், வி30 தர (வேகமாகப் பதியும்) மெமரி கார்டு 2, என்டி ஃபில்டர்கள் (வெளிச்சத்தைக் குறைப்பவை), போலரைசர் (மினுமினுப்பை அறுக்கும் ஃபில்டர்), ரப்பர் ஊதுகுழல், மைக்ரோஃபைபர் துணி 4, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், கண்ணைக் காக்கும் கண்ணாடி, விரல் மூடிய கையுறை, சிலிக்கா ஜெல் போட்ட நீர்புகாப் பெட்டி.

மே 3, படகில் முதல் நாள்

இன்று பறக்கவில்லை. மின்சாரக் கணக்கும் செட்டிங்கும் மட்டும்.

249 கிராம் வகை ட்ரோனின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-அவர். மூன்றையும் நிரப்ப 57. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 70 என்று வைக்கலாம். படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 6 ஆம்பியர்-அவர் போகும். 12 வோல்ட் சாக்கெட்டிலேயே சொருகும் யுஎஸ்பி-பிடி சார்ஜர் போதும். இன்வெர்ட்டர் வழியாகப் போனால் 12-ஐ 230 ஆக்கித் திரும்பக் குறைப்பதில் வீணாவதுதான் அதிகம். பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். ஆறாமல் சார்ஜில் போட வேண்டாம். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் செய்வது நல்லது, படகின் பேட்டரியும் இறங்காது.

இனி இந்தக் குறிப்புகளிலேயே முக்கியமானது. ட்ரோன் கிளம்பிய இடத்தை ஹோம் பாயிண்ட் என்று ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொள்கிறது. சிக்னல் அறுந்தாலும் பேட்டரி குறைந்தாலும் தானாக அங்கேதான் திரும்பும். படகோ அங்கே இருக்காது. 6 நாட் வேகத்தில் போகும் படகு நொடிக்கு 3.1 மீட்டர் நகர்கிறது. நான்கு நிமிடத்தில் 740 மீட்டர். ட்ரோன் ஒழுங்காக, துல்லியமாக, வெறும் தண்ணீரில் இறங்கும். படகிலிருந்து கடலுக்குப் போகும் ட்ரோன்களுக்கு இது ஒரு பெரிய காரணம். இதில் கருவியின் மேல் குற்றமே இல்லை.

அதனால் இரண்டு மாற்றங்கள். சிக்னல் அறுந்தால் செய்ய வேண்டியது என்ற இடத்தில் 'ரிட்டர்ன் டு ஹோம்' என்பதை எடுத்துவிட்டு 'ஹோவர்' என்று வைத்தோம். அப்படியே அந்தரத்தில் நிற்கும், நாம் படகை அதன் பக்கம் திருப்பினால் சிக்னல் திரும்ப வரும். இரண்டாவது, பறக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஹோம் பாயிண்ட்டை ரிமோட் இருக்கும் இடத்துக்கு மாற்றுவது. ரிமோட்டிலோ அதில் மாட்டிய போனிலோ ஜிபிஎஸ் இருந்தால் இது நடக்கும். ஒரு ஆள் கடிகாரம் பார்த்து "ஹோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவருக்கு நேரம் போவது தெரியாது.

ஹோவரில் வைத்தாலும் பேட்டரி குறையும்போது வரும் தானியங்கித் திரும்பல் நிற்காது. அறிவிப்பு வந்ததும் ரத்து செய்து கையால் ஓட்டி வரலாம். அதற்கும் கீழே போய் அவசர இறக்கம் தொடங்கிவிட்டால் ரத்து செய்ய முடியாது. த்ராட்டிலை (ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை) மேலே தள்ளிப் பிடித்து இறக்கத்தைத் தாமதப்படுத்தி, அந்த நேரத்தில் படகுப் பக்கம் கொண்டுவருவது ஒன்றே வழி.

மே 4, காலை, நங்கூரத்தில்

காற்று மிகக் குறைவு. முதல் பறப்பு எப்போதும் நங்கூரமிட்ட படகிலிருந்துதான்.

நங்கூரமிட்ட படகு பொதுவாக அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்கு எதிரே காட்டி நிற்கும். அதனால் பின்பக்கத்திலிருந்து கிளப்பினால், ஏதாவது பிசகினாலும் காற்று ட்ரோனைப் படகை விட்டு வெளியே தள்ளும். முன்பக்கமிருந்து கிளப்பினால் பாய்மரக் கம்பி, கொடிக்கம்பம், ஆன்டெனா, வெயில் கூரை என்று எல்லாவற்றின் மேலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தளத்தில் வைத்துக் கிளப்புவதில்லை. படகு ஆடும்போது ஆன் செய்தால் சென்சார்கள் அசைவைத் தப்பாக எடுத்துக்கொள்ளும், சில ட்ரோன்கள் கிளம்பவே மறுக்கும். கையில் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்தி நின்றால் ஆட்டத்தில் பாதியை உடம்பே வாங்கிக்கொள்ளும். வரிசை இது: கிம்பல் மூடியைக் கழற்று, ஃபில்டரை மாட்டு, ஆன் செய், செயற்கைக்கோள் போதுமான அளவு வந்து ஹோம் பாயிண்ட் பதிவானது என்ற அறிவிப்புக்குக் காத்திரு, தட்டையான உள்ளங்கையில் ஏந்து, கிளப்பு. ஆட்டோ டேக்-ஆஃப் ஒரு மீட்டர் சொச்சத்தில் நிறுத்திவிடும். அங்கே விடக் கூடாது. ட்ரோன் வானத்தில் நிற்க, கீழே படகு நகரும், கூரைக் கம்பி தானாக வந்து இடிக்கும். கை விட்டதும் ஒரே மூச்சில் 6 மீட்டர் மேலேயும் சற்றே பின்னாலேயும் கொண்டுபோய்விட வேண்டும்.

மே 4, மாலை

பிடிப்பது. எழுப்புவதைவிட இதற்குத்தான் பயிற்சி வேண்டும். கரையில் இருபது முறையாவது பிடித்துப் பழகிய கை வேண்டும்.

இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பிடிப்பார். பிடிப்பவர் கண்ணாடியும் கையுறையும் போட்டிருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். துண்டு, சட்டை, காகிதம் எதுவும் அருகில் கூடாது.

பக்கத்துக்கு வரும் முன் ஆப்ஸ்டக்கிள் அவாய்டன்ஸை (தடையைக் கண்டு விலகும் வசதியை) அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் பிடிக்கப் போகும் கையைத் தடையாக நினைத்து ட்ரோன் பின்வாங்கும். காற்று போகும் பக்கமிருந்து, அதாவது படகின் பின்னாலிருந்து, ட்ரோனின் முதுகு நம்மைப் பார்க்கும்படி கொண்டுவருகிறோம். அப்போதுதான் ஸ்டிக்கின் இடது வலது மாறாது. கம்பிவேலிக்கு ஒரு கை தூரம் வெளியே, நெஞ்சுக்கு மேலான உயரத்தில் நிறுத்துகிறோம். பிடிப்பவர் கீழிருந்து உடலைப் பற்றி, "பிடிச்சாச்சு" என்றதும் ஓட்டுபவர் த்ராட்டிலை முழுக்கக் கீழே இழுத்து, மோட்டார் நிற்கும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் ட்ரோன் தன் ஜிபிஎஸ் இடத்துக்குப் போக முறுக்கும், நாம் பிடித்திருக்கும் கையோ படகோடு வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். முறுக்கம் கூடக் கூட மோட்டார் சத்தம் உயர்வது காதுக்கே கேட்கும். அந்தச் சத்தத்தில் பயந்து கையை விடுவதுதான் ஆபத்து.

பேட்டரி 40 சதவீதத்தில் திரும்ப ஆரம்பிக்கிறோம். பிடிக்க மூன்று, நான்கு முயற்சி தேவைப்படலாம். அதற்கான மின்சாரம் மிச்சம் இருக்க வேண்டும்.

மே 5

வெளிச்சம் நாள். வெள்ளைப் படகு, கருநீலத் தண்ணீர்: ஆட்டோவில் விட்டால் கேமரா தண்ணீரைப் பார்த்துப் பிரகாசத்தைக் கூட்டும், படகும் நுரையும் வெறும் வெள்ளையாகிவிடும். ஸீப்ரா கோட்டை (வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் திரையில் வரும் கோடுகளை) ஆன் செய்து, படகின் தளத்தில் கோடுகள் மறையும் வரை குறைத்து, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட வேண்டும். வொயிட் பேலன்ஸும் (நிறச் சமன்) 5500 கெல்வினில் பூட்டு. இல்லையென்றால் ட்ரோன் திரும்பத் திரும்பக் கடலின் நிறம் மாறும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/1.7 (அகலத் திறப்பு) லென்ஸ் என்றால் ஷட்டர் 1/8800 நொடி பக்கம் போகும். அலை துண்டு துண்டாகத் துள்ளும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்க ஷட்டர் 1/60 வேண்டும். என்டி128 போட்டால் 1/70 கிடைக்கிறது. எஃப்/2.8 லென்ஸுக்கு என்டி64 போதும். தாழ்வாக, வேகமாகப் பறக்கும் காட்சிக்குத்தான் இது அவசியம். 60 மீட்டரிலிருந்து மெல்ல நகரும் காட்சிக்கு இத்தனை கவலை வேண்டாம் என்பது எங்கள் முடிவு.

போலரைசர் தண்ணீருக்கு அடியில் உள்ள பாறையையும் மணல் திட்டையும் காட்டும். கேமராவை 37 டிகிரி வாக்கில் கீழே சாய்த்தால்தான் மினுமினுப்பு முழுதாக அறுபடும். ஆனால் மேலே போனபின் அதைத் திருக முடியாது. எந்தப் பக்கம் பார்க்கப் போகிறோமோ அந்தப் பக்கம் பார்த்துக் கீழே திருகிவிட்டு, மேலே அதே திசையில்தான் எடுக்க வேண்டும். படகைச் சுற்றி வட்டமடிக்கப் போலரைசர் ஆகாது. பாதிச் சுற்றில் கடலின் நிறம் மாறிவிடும்.

நேர் மேலிருந்து எடுக்கும் காட்சிக்குச் சூரியன் 50 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். உச்சியில் இருந்தால் அதன் பிம்பம் படச் சட்டத்துக்குள்ளேயே எரியும். 24 மி.மீ. லென்ஸில் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் வரும். 20 மீட்டரில் 30 மீட்டர் அகலம். 12 மீட்டர் படகு அதில் ஐந்தில் இரண்டு பங்கு.

ஒரு சின்ன விஷயம்: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ரிமோட்டைப் பார்த்தால் சில கோணங்களில் திரை கறுத்துப்போகும். திரை பழுதில்லை, கண்ணாடியைக் கழற்றினால் போதும்.

மே 6

பறக்கவில்லை. கடலில் வெள்ளை நுரைத் தலைகள் எங்கும் தெரிகின்றன, இடையிடையே சாரலும் தெறிக்கிறது. அது காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 5, நொடிக்கு 8 முதல் 10.7 மீட்டர் காற்று. 249 கிராம் ட்ரோன்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் உச்ச வரம்பே 10.7 தான். தளத்தில் உணரும் காற்றைவிட 50 மீட்டர் மேலே காற்று பலமாகவே இருக்கும். நுரைத் தலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் (பியூஃபோர்ட் 3) பறக்கலாம்.

ஒரு கணக்கு. ட்ரோனின் வேகம் நொடிக்கு 12 மீட்டர், எதிர்க்காற்று 8 என்றால் முன்னேற்றம் 4. காற்றில்லாதபோது 600 மீட்டர் திரும்ப 50 நொடி. இப்போது 150 நொடி. அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புவது என்ற வரிசையை மாற்றுவதே இல்லை. காலையில் கடல் அமைதி, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறும், பிற்பகலில் உச்சம். பறக்கும் வேலையைப் பத்து மணிக்குள் முடிப்பது உத்தமம்.

மே 7, ஓடும் படகைத் தொடர்தல்

படகோட்டியிடம் முன்கூட்டியே பேச வேண்டியது மூன்றே: ஒரே வேகம், ஒரே திசை, சொல்லாமல் திரும்பக் கூடாது. 6 நாட் அருமையான வேகம். பின்னால் நுரைத்தடம் நீளமாக விழும். 20 நாட் என்றால் நொடிக்கு 10.3 மீட்டர், எதிர்க்காற்றும் இருந்தால் சிறிய ட்ரோன் சாதாரண மோடில் பின்தங்கிவிடும்.

நேர் பின்னால் தொடர்வதைவிட, பின்-பக்கவாட்டில் 45 டிகிரியில், 15 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் உயரத்தில் தொடர்வது அழகு. படகும் தடமும் தொடுவானமும் ஒரே சட்டத்தில் அமையும். தண்ணீருக்கு மேல் 4 மீட்டருக்குக் கீழே போவதில்லை. ட்ரோனின் அடிக் கேமரா தரையின் கோலத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறது. அலை நகர்ந்தால் தரையே நகர்வதாக நினைத்துக் கூடவே சறுக்கும். திரையில் காட்டும் உயரமும் தண்ணீரிலிருந்து அல்ல, கிளம்பிய கையிலிருந்து. தானியங்கித் தொடர்தல் வேலை செய்யும்தான், ஆனால் வெயில் மினுமினுப்புக்குள் படகு நுழைந்ததும் பிடி நழுவும். ஸ்டிக்கில் விரல் இருந்தே ஆக வேண்டும்.

நங்கூரத்தில் வட்டக் காட்சி: ஆரம் 25 மீட்டர், வேகம் நொடிக்கு 3. ஒரு சுற்றுக்கு 52 நொடி.

மே 8

கடற்பறவைகள் இரண்டு வட்டமிட்டதும் இறக்கிவிட்டோம். பறவை பாய்ந்தால் கீழே போகக் கூடாது, நேர் மேலே ஏற வேண்டும். மேல்நோக்கி ஏறுவதில் பறவை மெதுவானது. கூடு கட்டும் பாறைத் தீவுகள் பக்கம் ட்ரோன் போகவே வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும்.

மே 9

உப்பு. ஈரம் காய்ந்ததும் உப்பு மறைவதில்லை, படிகமாக உட்காரும்; காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்து மோட்டார் பேரிங்கையும் மின்முனையையும் அரிக்கும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடல், கைகள், ப்ரொப்பெல்லர் துடைத்து, பின் உலர்ந்த துணி. லென்ஸுக்கு முதலில் ஊதுகுழல், பிறகு ஈரத்துணி. காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகமே கண்ணாடியைக் கீறும். ப்ரொப்பெல்லர் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் இடறினால் மாற்றிவிட வேண்டும்.

கடலில் விழுந்து கைக்குக் கிடைத்தால்: ஆன் செய்து பார்க்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, ஆள் இல்லாத திறந்த இடத்தில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வைக்க வேண்டும். உப்புநீர் புகுந்த லித்தியம் பேட்டரி மணிக்கணக்கில் கழித்தும் தீப்பற்றலாம். அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. உடலை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, பழுது பார்ப்பவரிடம். மெமரி கார்டை நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் காயவிட்டால் படம் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

மே 10, கரை திரும்பும் முன்

நொடிக்கு 100 மெகாபிட் பதிவு நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. இரண்டு இடத்தில் நகல் எடுக்கும் வரை கார்டை அழிப்பதில்லை. எடுத்ததில் பயன்படுவது பெரும்பாலும் அசைவு தொடங்கும் முன் 5 நொடியும் முடிந்தபின் 5 நொடியும் விட்டு எடுத்தவைதான்; வெட்டி ஒட்ட இடம் கிடைக்கிறது.

எங்கள் ட்ரோன் ஒலியைப் பதிவதில்லை. இன்று மாலை எஞ்சினை நிறுத்தி, படகின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தத்தையும், நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தத்தையும், பிறகு எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடும் சத்தத்தையும் போனில் இரண்டிரண்டு நிமிடம் பதிந்தோம். மைக்குக்குக் காலுறை ஒன்றை உறையாக மாட்டினால் காற்றின் இரைச்சல் நன்றாகக் குறைகிறது. பேட்டரிகள் மூன்றையும் பாதி அளவில் நிறுத்திப் பெட்டியில் வைத்தாயிற்று.