அந்துருண்டை வாசம்

அக்கா பிரசவம் முடிந்து சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே குழந்தையின் கண் மஞ்சளடித்தது. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார் அம்மா. சாயங்காலம் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான், தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "துணிப் பெட்டியில அந்துருண்டை போடுவீங்களா?"

"ஆமாம்மா." தூளி கட்டியது டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய நூல் புடவையில். பச்சைக் குழந்தைக்குப் பழந்துணிதான் மெத்தென்று இருக்கும் என்று அம்மா தேடி எடுத்தது. குழந்தையை அணைத்தால் அந்த வாசம்தான் வந்தது, எங்களுக்குத் தப்பாகவே படவில்லை.

அவனுக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவு. ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அதனால் குளுட்டாதயோன் என்ற காவல் பொருளைத் தயாராக வைக்க அந்த அணு இந்த நொதி ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. அது குறைந்தாலும் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் அணுக்கள் சடசடவென்று உடையும், பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு ரத்தத்தில் ஏறும். பிஞ்சுக் கல்லீரலால் அதை வெளியேற்ற முடியாது, அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். நீல விளக்கின் கீழ் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் கிடந்த கோலம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மருதாணியும் கூடாதாம். ஃபாவா பீன்ஸ் சாப்பிடக் கூடாது என்று இணையத்தில் படித்துவிட்டு அம்மா அவரை, மொச்சையைக்கூட ஒதுக்கினார்; அது வேறு, இது வேறு.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது, பெண்களிடம் பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருந்து மகன்களிடம் வெளிப்படும். இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தன்னோடு பிறந்த மாமாவின் நினைவு வந்தது. ஒடிசாவுக்கு லாரி ஓட்டப் போய் மலேரியாவோடு வந்தவர், பதினாலு நாள் பிரைமாகுயின் மாத்திரையில் நாலாம் நாளே சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போக, பயந்து நிறுத்திவிட்டார். இந்த நொதிக் குறையே அந்த மாத்திரையை ஆராயும்போதுதான் 1956-இல் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தில் 40 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறதாம், மாமாவிடம் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குச் சோதித்ததில் இல்லை. குழந்தைக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஏனென்றால் அணுக்கள் உடைந்த கையோடு சோதித்தால் புதிதாக உருவான அணுக்களில் நொதி கூடுதலாக இருந்து அளவை ஏற்றிக் காட்டிவிடும். தடுப்பூசி அட்டையின் மேலேயே சிவப்பு மையில் 'ஜி6பிடி குறைவு' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாமா ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டிலிருந்து வருகிறார், திங்கள் காலை சோதனைக்கு ரத்தம் கொடுக்க.