கேபினுக்கு வழி: முன்னாலயா, பின்னாலயா?

அப்பா தெற்கு ரயில்வேயில் டி.டி.இ.யாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஸ்லீப்பர் கோச்சில் 47 என்றால் சைடு லோயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரையும் அம்மாவையும் திருச்சியிலிருந்து வரவழைத்து, சிங்கப்பூர் மரீனா பேயில் கப்பல் ஏற்றி பினாங்கு வரை கூட்டிப்போய் வந்தேன். சாப்பாடு எப்படி, வாந்தி வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பாட்டில் குறையில்லை, வாந்தியும் வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வேறு: சாப்பிட்டுவிட்டு கேபினுக்குத் திரும்பிப் போகிற வழி.

இங்கிருந்து கிளம்பும் ஜென்டிங் டிரீம் 335 மீட்டர் நீளம். எங்களுடையதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அப்பா உடனே கணக்குப் போட்டார்: "பதினாலு எல்.எச்.பி. கோச்." எல்.எச்.பி. என்பது புது ரக ரயில் பெட்டி. ரயிலிலாவது கோச்சுக்குக் கோச் வெஸ்டிபியூல், அதாவது இணைப்புப் பாதை வரும், ஜன்னலில் ஏதாவது ஸ்டேஷன் தெரியும். கப்பல் காரிடாரில் ஜன்னலே கிடையாது. கேபின்கள் ஓரத்திலும் நடுவிலும் இருப்பதால் காரிடார் அவற்றுக்கிடையே ஓடுகிறது, இரு கையிலும் கதவுகள்தான். இதே மாதிரி இன்னொரு காரிடார் மறுபக்கம். இரண்டுக்கும் ஒரே கார்ப்பெட், ஒரே விளக்கு. நடுராத்திரியா நண்பகலா என்றுகூடத் தெரியாது.

போதாக்குறைக்கு, பல கப்பல்களில் சாவி அட்டையில் கேபின் எண்ணை அச்சடிப்பதில்லை. தொலைந்தால் எடுத்தவன் நேராக அறைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். அம்மா எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மா முதலில் பிடித்துக்கொண்ட அடையாளம் "லிஃப்டை விட்டு இறங்கினா இடது கை". இது பெரும்பாலான கப்பல்களில் உதவாது. லிஃப்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும். இந்த வரிசையில் வந்தால் இடது, எதிர் வரிசையில் வந்தால் அதே கேபின் வலது. அடுத்து, துப்புரவுத் தள்ளுவண்டியை அடையாளம் வைத்தாள். அது கால் மணி நேரத்தில் பத்து கதவு தள்ளிப் போய்விட்டது.

அப்பாதான் எண்ணைப் பிரித்தார். முதல் இலக்கம், எண் நான்கு இலக்கத்துக்கு மேல் போனால் முதல் இரண்டு இலக்கங்கள், டெக், அதாவது மாடி. மீதி, முன்னாலிருந்து பின்னால் எவ்வளவு தூரம் என்பது. எங்கள் கப்பலில் எண் ஏற ஏற பின்பக்கம். ஒற்றைப்படை ஒரு காரிடார், இரட்டைப்படை இன்னொன்று. இந்த ஒற்றை, இரட்டை ஏற்பாடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் மனப்பாடம் செய்யாதீர்கள். ஏறியதும் லிஃப்ட் வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இப்படி என்று அம்புக்குறி போட்டிருக்கும்.

மறுநாள் காலை ப்ரோமனேட் டெக்கில், அதாவது வெளிப்புற நடைபாதைத் தளத்தில், நடக்கும்போது அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். தலைக்கு மேலே தொங்கும் ஆரஞ்சு உயிர்காப்புப் படகுகளில் 1, 3, 5 என்று எழுதியிருந்தது. சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனோம்: 2, 4, 6. இது கம்பெனி வழக்கம் அல்ல, கடல் வழக்கம். கப்பலின் மூக்கைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், அதாவது ஸ்டார்போர்ட், ஒற்றைப்படை. இடப்பக்கமான போர்ட், இரட்டைப்படை. கேபின் எண்ணும் அப்படியே அமைந்துவிட்டால் சௌகரியம். எங்களுக்கு அமைந்தது, அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத சந்தோஷம்.

ஆக, இடது வலதை விட்டுவிட்டு முன், பின் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபார்வர்ட் என்றால் முன்பக்கம், ஆஃப்ட் பின்பக்கம், மிட்ஷிப் நடு. எந்த லிஃப்டில் ஏறுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கேபின் டெக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிடலாம். கீழ் டெக்குகளில் அப்படி இல்லை. நடுவில் சமையற்கூடம் அடைத்துக்கொண்டிருக்கும், பின்பக்க டைனிங் ஹாலுக்கு நடு லிஃப்டில் இறங்கினால் முட்டுச்சந்து. மறுபடி மேலே ஏறி, பின்பக்கம் நடந்து, கீழே இறங்க வேண்டும். நீளவாக்கில் நடக்க வேண்டியதை நீச்சல்குள டெக்கிலோ ப்ரோமனேடிலோ காற்று வாங்கிக்கொண்டே நடந்து முடித்துவிட்டு, பிறகு லிஃப்ட் பிடிப்பது உத்தமம்.

சில கம்பெனிகள் இதற்கும் யோசித்திருக்கின்றன. நார்வீஜியன் கம்பெனியின் சில கப்பல்களில் காரிடார் கார்ப்பெட்டில் மீன்கள் இருக்கும், எல்லாம் முன்பக்கம் பார்த்தே நீந்தும். டெக் எண்ணிலும் வேடிக்கை உண்டு. பல கப்பல்களில் 12க்கு அடுத்து 14தான். இத்தாலியர்களுக்கு ராசியில்லாத எண் 17 என்பதால் இத்தாலியக் குடும்பம் நடத்தும் எம்.எஸ்.சி. கம்பெனியின் கப்பல்களில் 17ஆம் டெக் கிடையாது. டெக் எண்ணைக் கூட்டிக் கழித்து மாடி எண்ணுகிறவர்கள் ஜாக்கிரதை.

அம்மா இந்த விஞ்ஞானம் எதற்கும் மசியவில்லை. என் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த பிள்ளையார் மேக்னட்டை எடுத்துக் கதவில் ஒட்டினாள். கேபின் கதவுகள் இரும்பு, சட்டென்று பிடித்துக்கொண்டது. இப்படி ஒட்டுவது பரவலான பழக்கம்தான். எதிர் வரிசையில் யாரோ பிறந்தநாள் பலூன் படங்கள் ஒட்டியிருந்தார்கள். டேப் போட்டு ஒட்டாமல் இருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விதி கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபின் கதவின் உட்புறம் ஒரு வரைபடம் இருக்கும்: அவசரத்தில் எந்தப் படிக்கட்டு, எந்த மஸ்டர் ஸ்டேஷன் (ஆபத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடம்). ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அங்கே போக வேண்டும், அப்போது லிஃப்டைத் தொடக்கூடாது. காரிடாரில் ஆங்காங்கே சுவரோடு சுவராகத் திறந்திருக்கும் கனமான கதவுகளைக் கவனியுங்கள். தீ பரவாமல் கப்பலைக் குறுக்கே பல பகுதிகளாகத் தடுக்கும் இடங்கள் அவை. அவை மூடிக்கொண்டால் காரிடாரின் முகமே மாறிவிடும். புகையில் குனிந்து போகிறவருக்குத் தெரியட்டும் என்று வழிகாட்டும் ஒளிக்கோடு தரையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். 2012இல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிடவேக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களில் பலருக்குப் பாதுகாப்பு ஒத்திகையே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. இப்போது கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய கையோடோ நடத்தியாக வேண்டும். நாங்கள் மூவரும் கேபினிலிருந்து மஸ்டர் ஸ்டேஷன் வரை படியிலேயே இறங்கிப் பார்த்தோம். அம்மாவின் முழங்காலுக்கு எத்தனை டெக் தாங்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே டெக் பிளானைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 'கியாரண்டி' என்று மலிவாகக் கிடைப்பதில் எந்தக் கேபின் என்பது அவர்கள் இஷ்டம். கடைக்கோடியில் தள்ளிவிட்டால் ஒவ்வொரு காபிக்கும் நூறு மீட்டர் நடை. நடு லிஃப்டிலிருந்து நாலைந்து கதவு தள்ளி எடுங்கள், ஆட்டமும் அங்கே குறைவு. லிஃப்டுக்கு நேரெதிரே மட்டும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு கேசினோவிலிருந்து திரும்புகிறவர்கள் தோற்ற கதையை அங்கே நின்றுதான் பேசுவார்கள்.