டேப்ல இடம் இல்லன்னா முதல்ல போட்டோல கை வைக்காதீங்க

ஸ்டோரேஜ் ஃபுல்னு டேப் சொன்ன உடனே நம்ம ஆளுங்க நேரா போறது கேலரிக்குத்தான். ஒவ்வொரு போட்டோவா அழுத்திப் பிடிச்சு, செலக்ட் பண்ணி, மனசே இல்லாம டெலீட் அமுக்குவாங்க. அரை மணி நேரம் உக்காந்து அழிச்சாலும் அரை ஜிபி கூட தேறாது, ஆனா போன போட்டோ போனதுதான். இதை நான் நிறைய வீட்டுல பாத்துட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது, அதனாலதான் இந்த போஸ்ட்.

எங்க அக்கா டேப்பையே எடுத்துக்கங்க. 2020ல கொரோனா நேரத்துல பையனோட ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கின 32 ஜிபி டேப், சிம் போடுற மாடல். அவன் இப்போ ஸ்கூலுக்குப் போயிடுறான், அக்கா டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு படிக்கிறா, டேப் அவ கைக்கு வந்துடுச்சு. ஒருநாள் ராத்திரி போன் பண்ணி "டேய், கிளாஸ் வீடியோ இறங்கவே மாட்டேங்குதுடா, கேலரில ரெண்டாயிரம் போட்டோ கிடக்கு, பழசுல பாதிய தூக்கிடவா?"ன்னு கேட்டா. அந்தப் பழசுலதான் அப்பா கடைசியா எங்களோட பழனிக்கு வந்தப்ப எடுத்ததெல்லாம் இருக்கு. "அக்கா, ஒண்ணையும் தொடாத, ஞாயித்துக்கிழமை நான் வரேன்"னு சொல்லிட்டேன்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. டேப் கேமராவுல எடுக்குற போட்டோ ஒண்ணு சுமாரா 2, 3 எம்பி வரும். அதே டேப்ல ஃபுல் எச்டில ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தா கிட்டத்தட்ட 130 எம்பி. அதாவது ஒரு நிமிஷ வீடியோவுக்கு அம்பது போட்டோ சமம். ஸ்கூல் ஆண்டு விழால பையன் எங்கயோ பின்வரிசைல நிக்கிற பத்து நிமிஷ வீடியோ ஒண்ணை கம்ப்யூட்டருக்கு மாத்தினாலே ஐநூறு போட்டோவோட இடம் கிடைச்சிடும். வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படம் இன்னும் சின்னது, 100, 200 கேபிதான், ஆயிரம் படத்தை அழிச்சாலும் 200 எம்பிய தாண்டாது. (இந்தியாவுல இந்த குட் மார்னிங் படங்களாலயே போன் நிறையுதுன்னு பாத்து, 2017 டிசம்பர்ல வந்த கூகுளோட ஃபைல்ஸ் கோ ஆப்புக்கு அதைத் தனியா அடையாளம் கண்டுபிடிக்கவே பழக்கினாங்க, இப்போ அதோட பேரு ஃபைல்ஸ் பை கூகுள்.)

அதனால முதல்ல போக வேண்டிய இடம் கேலரி இல்ல, செட்டிங்ஸ். அதுல ஸ்டோரேஜ் போங்க, அப்புறம் ஆப்ஸ். எந்த ஆப் எவ்வளவு தின்னிருக்குன்னு வரிசையா காட்டும், சில டேப்ல சைஸ் வாரியா அடுக்கச் சொல்லணும். 32 ஜிபின்னு டப்பால போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டும் கம்பெனிக்காரன் கூடவே ஏத்தி அனுப்புற ஆப்பும் சேர்ந்து 10 ஜிபிக்கு மேல எடுத்துக்கும், அதுல நாம ஒண்ணும் பண்ண முடியாது, மிச்சம் இருக்குறதுதான் நம்ம பாடு.

அக்கா டேப்ல லிஸ்ட்ல முதல்ல நின்னது டெலிகிராம். குரூப் 4 படிக்கிறவங்க யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது. ஒவ்வொரு கோச்சிங் சென்டருக்கும் ஒரு சேனல், நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப், மாடல் டெஸ்ட், ரெண்டு மணி நேர கிளாஸ் வீடியோன்னு கொட்டிட்டே இருப்பாங்க, ஒரே ஃபைல் 2 ஜிபி வரைக்கும் அனுப்பலாம். நாம ஒரு தடவ திறந்து பாத்தது எல்லாம் டேப்புக்குள்ள இறங்கி உக்காந்துக்கும், ஆனா கேலரில தேடினா ஒண்ணும் கண்ணுல படாது, அதனாலதான் பாவம் அவளுக்கு போட்டோ மேல சந்தேகம் போச்சு.

டெலிகிராம்ல ஒரு நல்ல விஷயம் என்னன்னா நம்ம டேப்ல இருக்குறது வெறும் நகல்தான், ஒரிஜினல் அவங்க சர்வர்ல இருக்கு. அதனால டெலிகிராம் செட்டிங்ஸ்ல டேட்டா அண்ட் ஸ்டோரேஜ் போயி, ஸ்டோரேஜ் யூசேஜ் தொட்டு, கிளியர் கேஷ் (கேஷ்னா ஆப் தன் வசதிக்கு டேப்ல எடுத்து வச்சிக்குற தற்காலிக நகல்) குடுத்தா மெசேஜ் எதுவும் போகாது, வேணுங்கிறப்ப திரும்ப இறக்கிக்கலாம். சேனலையே மூடிட்டாங்கன்னா மட்டும் கிடைக்காது, அதனால நிஜமாவே முக்கியமான நோட்ஸ தனியா ஒரு ஃபோல்டர்ல சேவ் பண்ணிட்டு அப்புறமா கிளியர் பண்ணுங்க. அங்கயே கீப் மீடியான்னு ஒண்ணு இருக்கும், அதை ஒரு வாரம்னு மாத்தி வச்சா தொடாத ஃபைலை அதுவே அழிச்சிக்கும். இதை மட்டும் பண்ணி முடிச்சப்பவே அக்கா டேப்ல கிளாஸ் வீடியோ இறங்க ஆரம்பிச்சிடுச்சு, ஒரு போட்டோ கூட தொடல.

வாட்ஸ்அப் கதை வேற. அதுல டெலிகிராம் மாதிரி அழிச்சிட்டு திரும்ப இறக்கிக்கலாம்னு நம்பி இருக்க முடியாது, அதனால பாத்துப் பாத்துதான் பண்ணணும். வாட்ஸ்அப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். அதுல மேல ரெண்டு பெட்டி வரும், 5 எம்பிக்கு மேல உள்ளது ஒண்ணு, பல தடவ ஃபார்வர்ட் ஆனது ஒண்ணு. அந்த பல தடவ ஃபார்வர்ட் ஆனதை கண்ணை மூடிட்டு தூக்கலாம்னு சொல்லுவேன், ஏன்னா ஊரெல்லாம் சுத்தின வீடியோ நம்ம வீட்டு வீடியோவா இருக்க வாய்ப்பே இல்ல. 5 எம்பிக்கு மேல உள்ளதை மட்டும் ஒண்ணொண்ணா பாருங்க, சித்தப்பா மகள் கல்யாணத்துல தாலி கட்டுறத யாராவது வாட்ஸ்அப்ல மட்டும்தான் அனுப்பிருப்பாங்க, அது வேற எங்கயும் இருக்காது.

இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது. நாம அனுப்புற வீடியோவுக்கும் வாட்ஸ்அப் தன்னோட பங்குக்கு ஒரு நகல் எடுத்து வச்சிக்கும், சென்ட்னு ஒரு ஃபோல்டர்ல. கேமராவுல ஒண்ணு, அங்க ஒண்ணு. நம்ம ஒரிஜினல் பத்திரமா இருக்குன்னா அந்த சென்ட் ஃபோல்டரை காலி பண்ணலாம், ஃபைல் மேனேஜர்ல ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப்னு உள்ள போனா கிடைக்கும். அப்படியே ஆட்டோ டவுன்லோடையும் பாத்துடுங்க, வைஃபைல இருக்கும்போது வீடியோ எல்லாம் தானா இறங்குற மாதிரி பெரும்பாலும் இருக்கும், அதை எடுத்துவிட்டுட்டா நாம தொட்டாத்தான் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை, இது ரொம்ப முக்கியம். செட்டிங்ஸ்ல ஆப்புக்குள்ள போனா கிளியர் கேஷ், கிளியர் டேட்டான்னு ரெண்டு பட்டன் பக்கத்துல பக்கத்துல இருக்கும், சில டேப்ல கிளியர் ஸ்டோரேஜ்னு இருக்கும். கேஷ் போனா ஒண்ணும் ஆகாது. டேட்டா போனா அந்த ஆப் புதுசா இன்ஸ்டால் பண்ண மாதிரி ஆயிடும், வாட்ஸ்அப்ல பண்ணா பேக்கப் இல்லாத சாட் எல்லாம் போச்சு. வீட்டுல பெரியவங்களுக்கு போன்ல வழி சொல்லும்போது இந்த ரெண்டாவது பட்டனை தொடாதீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பத்தி சுருக்கமா. சமச்சீர் பத்தாவது சமூக அறிவியல் புக் பிடிஎஃப் அக்கா டேப்ல வரிசையா கிடந்துச்சு, பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறில 1, 2, 3ன்னு. ஒவ்வொரு தடவையும் லிங்கை தொட்டு தொறக்கும்போது புதுசா ஒரு காப்பி இறங்கிருக்கு, அவளுக்கு தெரியவே தெரியாது. ஃபைல்ஸ் பை கூகுள்ல கிளீன் போனா இந்த டூப்ளிகேட்டை தனியா எடுத்துக் காட்டும். பையன் ஆடாத கேம், யாரும் பாக்காத ஓடிடி ஆப்புக்குள்ள எப்பவோ டவுன்லோட் பண்ணின படம், இதெல்லாமும் பாருங்க. ஆப்பை முழுசா தூக்க மனசில்லன்னா பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஆப்பை தானா ஆர்க்கைவ் பண்ற வசதி 2023ல இருந்து இருக்கு, ஆப் போயிடும் ஆனா உள்ள இருக்குற நம்ம டேட்டா இருக்கும்.

இவ்வளவும் பண்ணிட்டு இடம் ஏறலையேன்னு பதறாதீங்க, டிராஷ்ல பாருங்க. கேலரிலயும் ஃபைல்ஸ்லயும் அழிச்சது 30 நாள் வரைக்கும் குப்பைத்தொட்டிலயே இருக்கும், அதை காலி பண்ணாத்தான் இடம் வரும். நான் என்ன பண்ணுவேன்னா ஃபைலை டெலீட் பண்ணிட்டு ரெண்டு நாள் விட்டு, யாரும் எதையும் தேடலைன்னு தெரிஞ்ச பிறகுதான் டிராஷை காலி பண்ணுவேன்.

கொஞ்சம் காலி இடம் எப்பவும் இருக்கணும், பத்துல ஒரு பங்காவது. ஏன்னா டேப்புக்குள்ள இருக்குற மெமரி சிப்புல ஒரு ஃபைலோட இடத்தை மட்டும் தனியா துடைச்சிட்டு எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கா சேத்துதான் அழிக்க முடியும். கல்யாண பந்தி மாதிரின்னு வச்சிக்கங்க, நாலு பேர் சாப்பிட்டு எந்திரிச்சாலும் வரிசை முழுசா எந்திரிச்சு இலை எடுத்தாத்தான் அடுத்த பந்தி, இல்லன்னா மிச்சம் இருக்குறவங்கள வேற வரிசைக்கு மாத்தணும், அதுக்கு காலி வரிசை வேணும். இடமே இல்லன்னா சிப்பு இந்த மாத்துற வேலையையே பண்ணிட்டு இருக்கும், டேப் இழுக்கும், அப்டேட்டும் ஏறாது. ராத்திரி சார்ஜ்ல சும்மா போட்டு வச்சா ஆண்ட்ராய்டு அந்த நேரத்துல அழிச்ச இடத்தையெல்லாம் சிப்புக்கு சொல்லி ஒழுங்குபடுத்திக்கும், இது 2013ல வந்த 4.3 வெர்ஷன்ல இருந்தே இருக்கு. அதனால சுத்தம் பண்ணின அன்னைக்கே வேகம் வரலைன்னா ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க.

கிளீனர், பூஸ்டர்னு விளம்பரத்துல வர்ற ஆப் எதையும் போடாதீங்க. மத்த ஆப்போட கேஷை வெளி ஆப் இஷ்டத்துக்கு அழிக்க இப்போ இருக்குற ஆண்ட்ராய்டு விடவே விடாது, அது காட்டுற சுத்துற வட்டமும் பெரிய நம்பரும் நம்ம கண்ணுக்கு மட்டும்தான், கூடவே விளம்பரமும் வந்து இருக்குற இடத்தையும் புடிக்கும்.

இப்போ போட்டோவுக்கே வரேன். அதையும் குறைக்கத்தான் வேணும்னா முதல்ல ரெண்டு இடத்துல காப்பி இருக்கணும், அப்புறம்தான் டேப்ல இருந்து எடுக்கணும். கூகுள் போட்டோஸ்ல பேக்கப் போட்டவங்க ஒண்ணை மறக்கவே கூடாது, அந்த ஆப்புக்குள்ள போட்டோவ செலக்ட் பண்ணி சாதாரணமா டெலீட் குடுத்தா டேப்லயும் போகும், கிளவுட்லயும் போகும். "பேக்கப்தான் இருக்கே"ன்னு நம்பி அழிச்சிட்டு அழுதவங்களை எனக்குத் தெரியும். டேப்ல மட்டும் எடுக்கணும்னா அதுல ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா இருக்கு, அதைத்தான் தொடணும். தப்பா டெலீட் ஆயிட்டா உடனே டிராஷ்ல பாருங்க, பேக்கப் ஆனது 60 நாள் வரைக்கும் இருக்கும். கிளவுட்லயும் இலவசம் 15 ஜிபிதான், ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேத்து, 2021 ஜூன் 1க்கு அப்புறம் ஏத்துற போட்டோ எல்லாமே அந்தக் கணக்குலதான் சேரும், இப்போ வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலயே வந்துடுச்சு. அதனால அக்காவுக்கு நான் ஓடிஜி பென்டிரைவ் (டேப்லயே நேரா சொருகுறது) ஒண்ணுல எல்லா போட்டோவும் காப்பி பண்ணி, அங்கங்க நாலஞ்சு திறந்து பாத்து, எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்டேன். பழனி போட்டோ டேப்லயும் அப்படியேதான் இருக்கு.

மெமரி கார்டு போடுற ஸ்லாட் இருந்தா இன்னும் நல்லது, கேமரா செட்டிங்ஸ்ல சேவ் ஆகுற இடத்தை கார்டுக்கு மாத்திடலாம். ஆனா 1 டிபி கார்டு முந்நூறு ரூபாய்னு எங்கயாவது பாத்தா கிட்டயே போகாதீங்க. அந்த மாதிரி போலி கார்டு பெரிய சைஸ் காட்டும், உள்ள கொஞ்சம்தான் இருக்கும், அது நிறைஞ்ச பிறகு போடுற போட்டோ பேரு மட்டும் தெரியும், திறந்தா ஒண்ணும் இருக்காது, சில சமயம் பழசு மேலயே எழுதிடும். எந்த கார்டு வாங்கினாலும் போட்டோ ஏத்துறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல சோதிச்சிடுங்க, கார்டு முழுக்க எழுதி அதை திருப்பி படிச்சுப் பாக்கும், பெரிய கார்டுன்னா சில மணி நேரம் எடுக்கும். அதுல ஃபெயில் ஆச்சுன்னா அன்னைக்கே கடைல திருப்பிக் குடுத்துடுங்க.