பக்கத்திலேயே ஒரு கூட்டம்

ஜனவரி 3, 2025, வெள்ளி

காலையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. துறைமுகச் சரக்குக்குப் பேப்பர் வேலை பார்க்கிறவன் நான். பத்து மணிக்குப் போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து 14446-க்கு போன் செய்தேன். போதையிலிருந்து மீள்வதற்கான இலவச உதவி எண்.

"இன்னையிலிருந்து தொட மாட்டேன்" என்றேன். பேசிய பெண் அதற்குப் பாராட்டவில்லை. எத்தனை வருடமாக, தினமும் எவ்வளவு, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தியே தடுமாறலாம், அதனால் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள் என்றார். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? சபரிமலைக்கு மாலை போட்டபோதெல்லாம் நானாகத்தான் நிறுத்தினேன்.

ஜனவரி 11, சனி

ஒரு வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். ட்ரிப்ஸ், மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி. கை நடுக்கம் நின்றுவிட்டது. "உடம்புக்கு இது போதும். வெளியே போனதும் ஏ.ஏ. கூட்டத்தைப் பிடிச்சுக்கங்க" என்றார் டாக்டர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம்.

ஜனவரி 12, ஞாயிறு

கூட்டத்துக்கு வேண்டுமென்றே தூரமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடையாறு பக்கம் போனால் தெரிந்த முகம் எதுவும் இருக்காது. யாரிடமோ பழைய முகவரியை வாங்கிக்கொண்டு, முன்கூட்டி போன் செய்து கேட்காமலே கிளம்பியிருக்கிறேன். கேட் பூட்டியிருந்தது. கூட்டம் வேறு இடத்துக்கு மாறி வெகு நாளாகிறது என்றார் வாட்ச்மேன்.

திரும்பி வந்து தண்டையார்பேட்டை மெட்ரோவில் மேலே ஏறும்போது மணி எட்டரை. டாஸ்மாக் கடை பத்து மணி வரை திறந்திருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. எதிர்ப் பக்கமாக, சுவரை ஒட்டி நடந்தேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "நீங்க தெருவுல விழுந்து கிடந்தப்போ எல்லாரும்தான் பார்த்தாங்க. கூட்டத்துக்குப் போறதைப் பார்த்தா மட்டும் என்ன வந்துடும்?" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெரு முழுக்கப் புகை. ஏ.ஏ.வின் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவரும் குடித்து மீண்டவராம். "தண்டையார்பேட்டையா? அப்புறம் ஏன்பா அடையாறு வரைக்கும் போற? ராயபுரத்துலயே இருக்கே. வெள்ளிக்கிழமை ஏழு மணி, வந்துடு" என்றார்.

ஜனவரி 15, புதன்

திருவள்ளுவர் தினம். கடைகள் லீவு. கள்ளுண்ணாமைக்குப் பத்து குறள் எழுதியவர் பெயரில் ஒரு நாள் மூடுகிறார்கள். ஆனால் முந்தின நாளே இரண்டு மடங்கு வாங்கி வைக்கிறவனுக்கு அந்த லீவால் ஒன்றும் ஆகாது. நான் அப்படித்தான் வாங்கி வைப்பேன்.

ஜனவரி 17, வெள்ளி

ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்ச், கரும்பலகையில் வாய்ப்பாடு. பதினாலு பேர் இருந்தார்கள். வருகைப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு டப்பா சுற்றி வந்தது, முடிந்தவர் போட்டார்கள். குடியை நிறுத்த விரும்பினால் போதும், வேறு தகுதி வேண்டாம் என்றார்கள்.

பெரியவர் ஒருவர் இது தொடங்கிய கதையைச் சொன்னார். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் சந்தித்தார்கள். இருவருக்கும் குடிநோய். டாக்டருக்கு மருந்தெல்லாம் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இன்னொரு குடிநோயாளி எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொன்னபோதுதான் அவருக்கு வழி கிடைத்தது.

மற்றவர்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது முறை. என்னுடையதை மட்டும் சொல்கிறேன். எழுந்து நின்று பெயர் சொன்னேன். "நான் ஒரு குடிநோயாளி" என்றேன். மகள் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். வீட்டில் இன்றுவரை அது தொலைந்துபோன பணம். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள், தங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்பதுபோல.

முடிந்ததும் எட்டரை. காசிமேட்டுக்காரர் ஒருவர், "எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். கடையைத் தாண்டி என் தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார். தூரத்துக் கூட்டத்தில் இது கிடைத்திருக்காது. நம்பர் கொடுத்து, "குடிச்சப்புறம் கூப்பிடாத, முன்னாடி கூப்பிடு" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

ஃபீஸ் விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு முன்பே தெரியும். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று குடியரசு தினம், கடை லீவு. அதனால் நேற்று ராத்திரி கடை வாசலில் நல்ல கூட்டம். மாத்திரை வாங்கப் போனவன் அதைப் பார்த்து நின்றுவிட்டேன். சட்டைப் பையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. மணி ஒன்பது இருபது.

காசிமேட்டுக்காரருக்கு போன் போட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார். "நடந்துகிட்டே பேசு" என்றார். நடந்தேன். வீட்டு மாடிக்கு வந்த பிறகும் அவர் வைக்கவில்லை. வலை, படகு, அவர் பேத்திக்குப் பல் முளைத்தது என்று என்னென்னவோ பேசினோம். "பத்தாயிடுச்சா? சரி, போய்ப் படு" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

அவர் விடியற்காலை ரெண்டு மணிக்கே மீன் ஏலத்துக்குப் போகிறவர். அது எனக்கு இன்று காலையில்தான் ஞாபகம் வந்தது.