சிவப்பு மையில் அடித்த வரி

“அங்க யானை வரும் டீச்சர். கால்ல குத்திடும்.”

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர் அறையில் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னான். “எல்லாத்துலயும் விளையாட்டா உனக்கு?” என்று கேட்டு அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். மூன்று வருடமாகிறது, வேறு பள்ளிக்கு மாறுதலாகியும் வந்துவிட்டேன். இன்னும் அவன் அங்கேயே நிற்கிறான்.

ஆண்டு மலருக்கு அவன் எழுதிக் கொடுத்த கதையைப் பற்றிய பேச்சு அது. குடிகார அப்பா கதைகள் வருடம் தவறாமல் வரும். அம்மா அழுவாள், தங்கை பட்டினி கிடப்பாள், கடைசிப் பத்தியில் அப்பா திருந்துவார் அல்லது செத்துப்போவார். கூடவே கள்ளுண்ணாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறள். எழுதும் பிள்ளைகளில் பலர் அதை வீட்டில் தினமும் பார்ப்பவர்கள்தான். ஆனாலும் எழுதும்போது எல்லாம் ஒரே கதையாகிவிடும். எந்த அப்பாவுக்கும் முகம் இருக்காது.

இவன் கதையில் அப்பாவுக்கு முகம் இருந்தது. அப்பாயிக்கும் இருந்தது.

கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 2022 மே 15 முதல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

பையனின் கதை இதிலிருந்துதான் தொடங்குகிறது. அப்பா குடித்துவிட்டு குவார்ட்டர் பாட்டிலை ஒளித்துவைக்கிறார். அம்மா விறகுக்கு அடியில் கண்டெடுக்கிறாள், பையன் இலைச் சாக்குக்குள் கண்டெடுக்கிறான். எல்லாவற்றையும் அப்பாயி ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கடை வரிசையில் நிற்கிறாள். “பாட்டி, குவார்ட்டரா, ஆஃபா?” என்று ஒருவன் கேட்கிறான். “எம் மவன் சம்பளத்துல மிச்சத்த வாங்க வந்திருக்கேன்” என்கிறாள்.

இந்த இடத்தை அவன் வகுப்பில் படித்தபோது பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு சட்டென்று பயம் வந்தது. அங்கே பாதிப் பேருக்கு அந்த அப்பாவைத் தெரியும்.

கதை போகப் போக அந்தப் பத்து ரூபாய்களை நம்பி வீடு ஓட ஆரம்பிக்கிறது. உப்பு, தீப்பெட்டி, தங்கையின் பென்சில் எல்லாம் அதில்தான். ஒருநாள் அப்பா வெறுங்கையோடு வருகிறார். “பாட்டில் எங்கடா?” என்று அப்பாயி கேட்கிறாள். “இன்னிக்குக் குடிக்கலம்மா” என்கிறார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பாட்டிலை வழியில் எங்கோ போட்டுவிட்டு வந்து பொய் சொல்கிறான் என்று அப்பாயி டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். எல்லோரும் பின்னால் போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பனிமூட்டத்தில், இல்லாத பாட்டிலைத் தேடுகிறார்கள்.

இந்த முடிவைத்தான் மாற்றச் சொன்னேன். மாற்றச் சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை, நானே எழுதிவிட்டேன். அப்பா பாட்டிலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வீசுகிறார், அது பாறையில் பட்டுச் சிதறுகிறது, அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறார். இதை அவனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டியபோதுதான் அவன் யானையைச் சொன்னான்.

அவன் கிண்டல் செய்யவில்லை. அன்று கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பள்ளம் அவனுக்குத் தெரியும். யானை எந்த நேரத்தில் எந்த வழியாக வரும் என்று தெரியும். தன் கதையில் ஒரு பாட்டில்கூட உடையாமல் பார்த்துக்கொண்டவன் அவன். எனக்கு அந்தப் பள்ளம் ஒரு கதையின் முடிவு, அவ்வளவுதான்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. மலர் எல்லா வீட்டுக்கும் போகும். குடித்துவிட்டு வந்த இரவில் அந்த மனிதர் கையில் அது கிடைத்திருந்தால்? அடி பையன் மேல்தானே விழும்? அவன் அம்மா மறுநாள் இலை பறிக்கப் போகும் இடத்தில் எப்படித் தலை நிமிர்வாள்? ஒரு ஆசிரியை இதை யோசிக்காமல் இருக்க முடியாது. இன்றும் யோசிப்பேன். ஆனால் இந்தக் கவலையெல்லாம் எனக்கு எப்போது வந்தது என்று கேட்டுப் பார்க்கிறேன். சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்பா, பின்பா? அடி விழும் என்று உண்மையிலேயே பயந்திருந்தால் கதையை நிறுத்தி வைத்திருக்கலாம். பெயர் இல்லாமல் போட்டிருக்கலாம். அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலைமையாசிரியர்கூட எதுவும் சொல்லவில்லை. சிரித்துவிட்டோமே என்ற கூச்சம்தான் என் கையைப் பிடித்து எழுத வைத்தது என்று சில நாள் தோன்றுகிறது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியல் பகுதியை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன், ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகை நான்கு வழியில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். அந்தக் கதையில் எள்ளல் என்று ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியாது. அப்பாவை அவன் எங்கேயும் கேலி செய்யவில்லை. வீட்டில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபடி எழுதியிருந்தான், அதனால் சிரிப்பு வந்தது. எட்டு மெய்ப்பாடுகளின் வரிசையில் நகைக்கு அடுத்து நிற்பது அழுகை. அதையும் சொல்லித்தான் நடத்துவேன். எதிரில் ஒருவன் இரண்டையும் ஒன்றாகச் செய்து காட்டியபோது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் பின்னால்தான் உறைத்தது. குடித்தவனிடம் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது, நீருக்கடியில் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதைப் போன்றது என்று 929ஆம் குறள் சொல்கிறது. அந்தக் குடும்பம் டார்ச்சோடு இறங்கிய இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குறள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதையின் அடியில் ஒட்டுவதற்கு வேறொரு குறளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் என்னை அதிகம் குழப்புகிறது.

மலர் வெளியான பிறகு, மார்கழி மாதத்தில், அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். நெற்றியில் சந்தனம், கையில் சுருட்டிய மலர். “சின்னவ படிச்சுக் காட்டினா டீச்சர். எம் பையன் என்னப் பத்தி நல்லா எழுதியிருக்கான். நான் விட்டுடுவேன்னு அவன் நெனைக்கிறான், எனக்கு அது தெரியாமப் போச்சு.” குரல் உடைந்துவிட்டது. பையன் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். அந்த முடிவை எழுதியது நான் என்று சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் பிறகு குடித்தாரா? தை முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டார் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். பையனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு மண்டலம் அவரை நிறுத்தியது மாலையா, என் பொய்யான முடிவா? என் முடிவு என்றால், நான் செய்தது தவறு என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் மகன் எழுதாத நம்பிக்கையை மகன் பெயரில் ஒரு தகப்பனிடம் கொடுத்திருக்கிறேன். அது உடைந்தபோது அவர் யார் முகத்தைப் பார்த்தார்? பையன் அடுத்த ஒன்றரை வருடம் கட்டுரை, கடிதம் எல்லாம் ஒழுங்காக எழுதினான். கதை எழுதச் சொன்னால் மட்டும், “வரல டீச்சர்” என்றான்.

அவன் கைப்பட எழுதிய நான்கு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. கடைசித் தாளில் கடைசி வரியை அடித்திருக்கிறேன். மை கொஞ்சம் வெளுத்துவிட்டதால் அடியில் இருப்பது இப்போது நன்றாகவே தெரிகிறது:

“‘நல்லாத் தேடுங்க, இங்கதான் எங்கயாச்சும் கிடக்கும்’ என்று சொல்லி, அப்பாயி கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு அப்பாவும் எங்களோடு தேட ஆரம்பித்தார்.”