கை அதுபாட்டுக்கு வேலை செஞ்சுது

அந்தப் பொண்ணு கேட்டது ஒரே கேள்விதான். "சிஸ்டர், அப்பா கடைசியா எதுவும் கேட்டாரா?" நான் யோசிக்கவே இல்ல, "இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டார்"னு சொல்லிட்டேன். ஆறுதலுக்கு சொன்னதுன்னுதான் அப்போ நெனச்சேன்.

ஆனா ராத்திரி 2 மணிக்கு அவர் ஏதோ சொன்னார். நான் டிரிப் பாட்டில் மாத்திக்கிட்டே "ம்ம், சரிங்கய்யா"ன்னு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். என்ன சொன்னார்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல. அந்த நேரத்து பிபி, பல்ஸ், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு எல்லாம் என் கையெழுத்துலதான் கேஸ் ஷீட்ல இருக்கு, ஒண்ணுகூட விடல.

விடியக்காலைல அவருக்கு இதயம் நின்னு அரெஸ்ட் ஆனப்பவும் அப்படித்தான். நெஞ்சை அமுக்கற கம்ப்ரஷன் நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120, அட்ரினலின் ஊசி 1 மில்லிகிராம் 3 - 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை, டூட்டி டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்துட்டு இருந்தேன். மனசுல என்ன ஓடுச்சுன்னா, வீட்டுல கேஸ் சிலிண்டர் புக் பண்ணலையேன்னு. இதை எழுதவே கை கூசுது.

ஹேண்ட் ஓவர் அப்போ இன்சார்ஜ் சிஸ்டர் ஷீட்டைப் பாத்துட்டு "நீ நைட்ல இருந்தா எனக்கு நிம்மதிம்மா, நல்லா இருக்கியா?"ன்னாங்க. "நல்லா இருக்கேன் சிஸ்டர்"னேன். பொய் சொன்ன மாதிரியே தோணல.

வார்டுல 38 பேர், நாங்க ரெண்டு பேர், ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நின்னு கேக்க முடியுமா, அழுதுட்டு நின்னா அடுத்த பெட் ஊசி யார் போடறதுன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். அது நெசமும்தான். ஆனா வேலைக்கு வந்த புதுசுலயும் ஆள் கம்மிதான், அப்போ எனக்கு நோயாளிங்களோட பேர் தெரியும், அவங்க பேரப்புள்ளைங்க பேர் தெரியும். இவர் பேரை நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசப் போறதுக்கு முன்னாடி ஷீட்ல பாத்துக்கிட்டேன், அதுவரைக்கும் எனக்கு அவர் 14ஆம் பெட்.

பர்ன்அவுட் பத்தி அப்புறம் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல அதை நோய்னு சொல்லாம வேலையால வர்ற ஒரு நிலைன்னு வரையறுத்திருக்கு. மூணு அடையாளம்: தெம்பு வத்திப்போறது, வேலையிலேர்ந்து மனசு விலகறது, வேலைத்திறன் குறையறது. முதல் ரெண்டைப் படிக்கறப்போ என்னைத்தான் எழுதியிருக்காங்கன்னு இருந்துச்சு. மூணாவது எனக்கு இல்லன்னுதான் மொதல்ல தோணுச்சு. ஒரு மருந்து மாறியிருந்தா மெமோ வந்திருக்கும், யாராவது கூப்பிட்டு உக்கார வச்சு என்னாச்சும்மான்னு கேட்டிருப்பாங்க. ஒருத்தர் சொன்னது காதுல விழாமப் போனதுக்கு யார் மெமோ குடுப்பாங்க? அப்போ அது வேலைத்திறன்ல சேராதா?

இப்போ யார் பேசினாலும் கையில இருக்கறதை நிறுத்திட்டு "என்ன சொன்னீங்க"ன்னு திரும்பக் கேக்கறேன். நேத்து ஒரு பாட்டிகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். சொன்னாங்க. தலையாட்டிட்டு நர்சஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டேன், வந்தப்புறம் அவங்க கேட்டது என்னன்னு தெரியல, திரும்பிப் போறதுக்குள்ள தூங்கிட்டாங்க.

அடுத்த மாசம் ஒருத்தங்க லீவாம், ரெண்டு நைட் கூடப் போடட்டுமான்னு இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டாங்க. போடுங்க சிஸ்டர்னு சொல்லியிருக்கேன்.